கணினிக்குப் பூட்டுப் போட்டது நீங்கள் இல்லை

அக்கா,

இன்று காலை எங்கள் வவுனியாக் கந்தோரில் என் மேசைக் கணினி எழும்பவில்லை. திருத்த வந்தவர் பெட்டியைக் கழற்றினார். சட்டைப் பொத்தான் அளவான பற்றரி ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்துக் குப்பைக்கூடைக்குள் எறிந்தார், புதியது ஒன்றைச் செருகினார். "அவ்வளவுதான் அண்ணை, சின்ன வேலை" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சின்ன வேலையோ? இந்தப் பற்றரியாலை ஒரு மனுசியின்ர வேலையே போனது, தெரியுமோ?" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். அதற்காக எழுதாமல் விட முடியுமா?

யாழ்ப்பாணத்துச் சனம் சண்டையில் அள்ளுப்பட்டுக் கிளிநொச்சியில் வந்திறங்கிய வருடம் அது. நிவாரண அட்டைக்குக் குடும்பப் பட்டியல் அடிக்க அங்கிருந்த எங்கள் கந்தோருக்கு ஒரே ஒரு கணினி வந்தது. மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரைக் காலையில் இரண்டு மணித்தியாலம் போடுவோம், அதற்குள் அடித்து முடிக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து தட்டச்சு வேலைக்கு வந்த உங்களைத் தவிர வேறு எவருக்கும் அதைத் தொடத் துணிவில்லை. பொறுப்பதிகாரி அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டுவைத்திருந்தார்.

ஒரு நாள் அது எழும்ப மறுத்தது. ஜெனரேற்றரைத் திட்டினோம், வயரை மாற்றினோம், பொறுப்பதிகாரி பெட்டியின் தலையில் தட்டியும் பார்த்தார். திரையில் இரண்டு வரி வந்ததோடு சரி, அதற்கு மேல் அசையவில்லை. நீங்கள் மட்டும்தான் அதிலிருந்த திகதியைக் கவனித்தீர்கள்.

"தம்பி, இஞ்சை பாரும், எத்தினையோ வருசத்துக்கு முந்தின திகதி காட்டுது. உள்ளுக்கை இருக்கிற பற்றரி செத்துப்போச்சு. தன்னட்டை என்ன டிஸ்க் இருக்கு எண்டதையே மறந்திட்டுது."

பெட்டியைத் திறந்தீர்கள். அந்த டிஸ்க்கின் மேலே அச்சடித்திருந்த மூன்று எண்களைத் துண்டுக் கடதாசியில் எழுதி எடுத்தீர்கள். அவற்றைக் கையால் அடித்துக் கொடுத்ததும் மெசின் கரகரவென்று கிளம்பியது. ஆனால் ஜெனரேற்றர் நின்றால் மறுபடி மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு காலையும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு முதலில் அந்த மூன்று எண்களையும் அடிப்பீர்கள். துண்டைச் சோற்றுப் பசையால் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்து, "நான் இல்லாட்டியும் ஆராவது போடலாம்" என்றீர்கள். மறைக்க நினைக்கிற ஒருவர் செய்கிற வேலையா அது?

வவுனியாவுக்குப் போன இடத்தில் நான் ஒரு பற்றரி வாங்கிக்கொண்டும் வந்தேன். இராணுவச் சோதனைச்சாவடியில் பறித்துக்கொண்டார்கள். வன்னிக்குள் டோர்ச் பற்றரி கொண்டுபோகத் தடை, ஆகவே இதற்கும் தடை. வன்னியில் ஒரு கணினி திகதி தெரியாமல் கிடந்தால் நாடு நிம்மதியாக இருக்கும் போலும்!

பிறகு நீங்கள் மலேரியாக் காய்ச்சலோடு ஊருக்குப் போனீர்கள். அந்த வாரம் பார்த்து, கொழும்பிலிருந்து நிவாரண வேலையைப் பார்வையிட ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. கந்தோரைத் துப்புரவாக்கும்போது பொறுப்பதிகாரியின் கண்ணில் அந்தத் துண்டு பட்டது.

"உதென்ன இலக்கம் இலக்கமா? வாறவங்கள் கண்டால் ஏதோ இரகசியச் செய்தி எண்டெல்லோ நினைப்பாங்கள். உரியும் உதை."

அது எதற்கான எண் என்று சொன்னேன். "அவ வந்து பாப்பா, நீர் உரியும்" என்றார். எனக்கும் பயம்தான். விளக்கம் இல்லாத எண் எழுதிய கடதாசி ஒன்று சட்டைப் பையில் அகப்பட்டாலே ஆளைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். ஈரத்துணியால் ஊறவைத்து உரித்து, தேத்தண்ணி அடுப்புக்குள் போட்டேன். ஓம் அக்கா, உரித்தது நான்தான்.

வந்தவர்கள் பட்டியலைக் கேட்டார்கள். கணினி எழும்பவில்லை. பொறுப்பதிகாரி அவர்களுக்கு முன்னால் நாக்கூசாமல் சொன்னார்: "எங்கட ரைப்பிஸ்ற் பிள்ளை ஏதோ பூட்டுப் போட்டிட்டுப் போயிட்டுது."

"சேர், அந்தக் கடதாசி..." என்று தொடங்கினேன்.

"நீர் சும்மா இரும்."

சும்மா இருந்தேன். வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா இருந்தது? என்னை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

காய்ச்சல் மாறாமலே உங்களைக் கூப்பிட்டு எடுத்தார்கள். கந்தோர் முழுவதையும் கூட்டி வைத்து, "எழுப்பிக் காட்டும் பாப்பம்" என்றார். நீங்கள் கதிரையில் இருந்தீர்கள். துண்டு இருந்த இடத்தில் சோற்றுப் பசை காய்ந்து கிடந்தது, அதை ஒரு தரம் விரலால் தடவினீர்கள். மூன்று எண்களையும் மனப்பாடமாக அடித்தீர்கள். மெசின் கிளம்பியது. ஒரு குடும்பத்தின் பெயரும் குறையாமல் பட்டியல் வந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. அவர் மேசையில் ஓங்கி அடித்தார்.

"பாத்தீங்களோ எல்லாரும்? பூட்டினவவுக்குத்தானே திறக்கத் தெரியும்."

இப்படியும் ஓர் அநியாயம் உண்டா? எழுப்பத் தெரியாமல் நின்றிருந்தால் பழுதாக்கியவள் என்றிருப்பார். எழுப்பியதால் பூட்டியவள் ஆனீர்கள்.

"பூட்டு ஒண்டும் இல்லை சேர். மூண்டு இலக்கம்தான், எழுதித் தாறன்" என்றீர்கள்.

"உம்மட இலக்கம் எங்களுக்கு வேண்டாம்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கணினி உறையில் இருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த கிழமை உங்களை நிறுத்திவிட்டார்கள். உங்களிலும் எனக்குக் கோபம்தான் அக்கா. உரித்தது ஆர் என்று இவனைக் கேளுங்கோ என ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

போன மாதம் நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தேன். அந்தப் பொறுப்பதிகாரியும் கைத்தடியோடு வந்திருந்தார். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் எழுந்து நின்று பேசினார்: "எங்கட கந்தோரிலை முதன்முதல் கொம்பியூட்டர் பழகினது அவதான். நான்தான் அவவை உற்சாகப்படுத்தினனான்." உடனே நான் எழும்பினேன்.

"சேர், அவ பூட்டுப் போடேல்லை. கடதாசியை உரிக்கச் சொன்னது நீங்கள், உரிச்சது நான். இவ்வளவு சனத்துக்கும் முன்னாலை அதைச் சொல்லுங்கோ."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அப்பிடி ஒண்டும் எனக்கு ஞாபகமில்லைத் தம்பி" என்றுவிட்டுச் சாப்பிட இருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவருக்குச் சோறு போட்டார்.

கை கழுவப் போன என் பின்னால் உங்கள் தங்கச்சி வந்தா. "அக்கா அதுக்குப் பிறகு ரைப் பண்ணத் தெரியுமெண்டே ஒருத்தருக்கும் சொல்லேல்லை. 'நீதானே பூட்டுப் போட்டனீ' எண்டு கேப்பாங்களாம். கடைசி வரைக்கும் கருவாடுதான் காயப்போட்டவா. உங்களிலை அவவுக்குக் கோபம் இல்லை. அந்தத் தம்பி பயந்த பிள்ளை, அவனைக் குறை சொல்லாதை எண்டுதான் சொல்லுவா" என்றா.

அவருடைய பொய்யைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை. ஆர் உங்களை மன்னிக்கச் சொன்னது? ஒரு காகிதம் போட்டுத் திட்டியிருக்கலாமே, வாசலில் வந்து நின்று கேட்டிருக்கலாமே. நீங்கள் படாத கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன், பாதி அவர் மேல், பாதி என் மேல். உங்கள் மன்னிப்பு எனக்கு வேண்டாம் அக்கா. உங்கள் பெயர் எந்த வீட்டில் அடிபட்டாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், உரித்தது நான் என்றுதான் இனி நான் பேச்சையே தொடங்குவேன்.