சாமிக்கு நின்ற வண்டி

புத்தகங்களோடு சண்டை போட எனக்குச் சொல்லிக் கொடுத்த செல்வி அக்காவுக்கு,

நீ ஏறிப்போன எஸ்டேட் ஜீப்பு மலைப்பாதையில் உருண்டு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. நான் இன்னும் நூலகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். சமீபத்தில் படித்த மூன்று புத்தகங்களைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். வேறு யாரிடம் பேசுவேன்? ஆத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஏலக்காய் மண்டியில் என்னோடு மூட்டை தூக்குகிறவர்களிடம் பேச்செடுத்தால், "படிச்சுக் கிழிச்சது போதும்டா, லோடு வந்திருச்சு" என்பார்கள்.

முதல் புத்தகம் காதல் கதை. நம் மலையில்தான் நடக்கிறது. பட்டணத்துப் பெண் ஒருத்தி ஏலத்தோட்டத்தில் மழையில் நனைந்தபடி நடக்கிறாள், நடக்கிறாள், கதை முடிகிறவரை நடக்கிறாள். ஒரு அட்டைப்பூச்சிகூட அவள் காலில் ஏறவில்லை. காய் எடுக்கிற பெண்கள் இரண்டு இடத்தில் வருகிறார்கள். இரண்டு இடத்திலும் சிரிக்கிறார்கள். நாளெல்லாம் காய் எடுக்கக் குனிந்து கிடந்துவிட்டு வந்து, குப்புறப் படுத்துக்கொண்டு "இடுப்புல ஏறி மிதிடா" என்பாயே, அந்த முகத்தில் எந்தச் சிரிப்பை எழுதியவர் பார்த்தார்?

இரண்டாவதை ஒரு கோபக்காரர் எழுதியிருக்கிறார். கூலி, கொடி, போராட்டம். எனக்குப் பிடிக்கும் என்று நூலகரே எடுத்துக் கொடுத்தார். பாதிவரை பிடித்தது. அப்புறம் எல்லோரும் மேடையில் நிற்பதுபோலவே பேசுகிறார்கள். சோறு கேட்கிறவன்கூடப் பக்கம் பக்கமாகக் கேட்கிறான். ஆனால் ஒரு இடத்தில், கூலி கேட்கப் போகிறவள் முதலாளி வீடு வருவதற்கு முன்னால் சேலைக் கிழிசலை உள்பக்கமாக மடித்துச் செருகிக்கொள்கிறாள். அதற்காக மீதியை மன்னித்துவிட்டேன். நீ மன்னித்திருக்க மாட்டாய். நீதான் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவள் ஆயிற்றே. அந்தப் பெண் செத்துப்போகிறாள் என்று தெரிந்தால், "இப்பவே திருப்பிக் குடுத்துட்டு வாடா. சாகடிக்கிறதுக்குன்னே ஒருத்தியப் பெத்து விட்டிருக்கான்" என்பாய்.

மூன்றாவது புத்தகத்திலும் கடைசியில் ஒருத்தி சாகிறாள். அது நீ.

எழுதியவர் உன் எஸ்டேட் முதலாளியின் மருமகன். வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது, இப்போது புத்தகமாகியிருக்கிறது. பெயர்களை மாற்றியிருக்கிறார். ஆனால் ஜீப்பு ஓட்டிய மாயன் அண்ணனின் கன்னத்து மருவை அப்படியே விட்டு வைத்திருக்கிறார். அது போதாதா ஊருக்கு? அவர் கதையில் நீ தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே போகிறாய். குரங்கணி அடிவாரத்தில் எல்லா வண்டியும் கருப்பசாமிக்கு நின்று, சூடம் கொளுத்தி, முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கித்தானே மலையேறும்? கதையில் வருகிற டிரைவர் குடிபோதையில் நிற்காமல் போகிறான். சாமி கோபிக்கிறது, ஜீப்பு உருள்கிறது. டயர் என்ற சொல்லே அந்தப் புத்தகத்தில் இல்லை அக்கா. உள்நூல் தெரியத் தேய்ந்த டயர். மாற்றித் தரச் சொல்லி மாயன் அண்ணன் முதலாளியிடம் கெஞ்சியதும் இல்லை. ஆடு அடைக்கிற மாதிரி உங்களை அடைத்து ஏற்றச் சொன்னது யார் என்பதும் இல்லை.

வண்டி நின்றது. எனக்குத் தெரியும். அன்றைக்கு நீ சோற்றுத் தூக்குவாளியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனாய். சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தேன். அடிவாரத்தில் நின்றதால்தான் பிடிக்க முடிந்தது. சூடம் எரிந்துகொண்டிருந்தது. "வெரசா கொண்டாடா! பொண்ணு பாக்க வர்றவன் மாதிரி ஆடி அசைஞ்சு வர்றான்" என்று நீ கத்தினாய். ஜீப்பு முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்குப் பாராட்டுக் கூட்டம். வாசகர்களும் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். எழுந்தேன்.

"வண்டி நின்னுச்சு சார். நான் பார்த்தேன். டயர்தான் சரியில்ல."

எழுதியவர் மாலையைச் சரிசெய்தபடி சிரித்தார். "தம்பி, இது கதை. கதையைக் கதையா வாசிக்கப் பழகணும்."

"அப்பக் கதையிலயாவது டயரு தேஞ்சிருக்கலாமே சார்? சாமியக்கூடக் கெட்டவராக்குனீங்க, உங்க மாமாவ மட்டும் கடைசிவரைக்கும் நல்லவராவே வச்சிருக்கீங்க?"

பின்னால் யாரோ கைதட்டிவிட்டு, பயந்து நிறுத்திக்கொண்டார். என் மண்டி முதலாளி முன்வரிசையிலிருந்து திரும்பினார். "ஏய் பாண்டி, நாளைக்குச் சோலிக்கு வரணுமா, வேணாமா? உக்காரு." நான் உட்காரவில்லை. மறுநாள் வேலையும் இல்லை.

அது போகட்டும். மாயன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஜீப்பு உருண்டதில் உடைந்த கால் கூடிவிட்டது, வண்டி ஓட்டுவார். ஆனால் டீக்கடையில் ஒருவர் அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்ததிலிருந்து யாரும் அவரை ஸ்டியரிங்கில் கை வைக்க விடுவதில்லை. குழாயடியில் அவர் பெண்டாட்டி குடத்தை வைத்தால், "சாமிக்கு நிக்காதவன் வீட்டுக் குடம்டி" என்று மற்றக் குடங்கள் நகர்கின்றன.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் நிறுத்துனேனாடா?"

"நிறுத்துனீங்கண்ணே."

"அது முந்துன நாளா இருக்கும்."

"நிக்காட்டி நான் எப்படிண்ணே அக்கா கையில தூக்குவாளியக் குடுத்தேன்? பறந்தா வந்தேன்?"

யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "இல்லடா, அச்சுல போட்டிருக்காய்ங்களே. இத்தன பேரு படிக்கிறதப் பொய்யாவா போடுவாய்ங்க?"

குடியே அறியாத மனிதர் அக்கா. அன்றைக்குக் குடித்திருந்தேனோ என்று பெண்டாட்டியிடம் கேட்கிறாராம்.

இனி எந்தப் புத்தகமும் உன்னை ஒன்றும் செய்துவிட முடியாது. உயிரோடு இருக்கிறவரின் ஞாபகத்துக்குள் புகுந்து திருடுகிறதே, அதை என்னவென்று சொல்வது? நாம் இரண்டு பேரும் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது இதற்குத்தானா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போவேன். "நீங்க நிறுத்துனீங்கண்ணே" என்று சொல்வேன். விரட்டினாலும் மறுநாள் போவேன். ஒருநாள் அவராகவே, "ஆமாடா, நிறுத்துனேன். நிறுத்தியும் உருண்டுச்சே, ஏன்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டால் போதாது. முதலாளி வீட்டு வாசலில் நின்று கேட்க வேண்டும். அன்றைக்கு நான் அவர் பக்கத்தில் நிற்பேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் வாயை வாங்கிக்கொண்ட தம்பி,
பாண்டி
போடிநாயக்கனூர்