கமிஷனைக் குறைத்த கெட்டிக்காரன்

கோபமாகத் தூங்கும் மகராசிக்கு,

காப்பி ஃபிளாஸ்கில் இருக்கிறது. கடைச் சாவி அலமாரி மேல். கடையைத் திற, ஆனால் கார்டு மெஷினைத் தொடாதே. மெஷின் கொடுத்த கம்பெனியே அதை முடக்கிவிட்டது. நம்மிடம் செருப்பு வாங்கிக் கார்டு தேய்த்த ஏழு பேரின் எண்கள் திருடு போயிருக்கின்றன. அதில் கண்ணாடி டீச்சரும் ஒருவர். வந்தால் உட்கார வை.

மெஷின் விற்க வந்து நூற்றுக்கு இரண்டு கமிஷன் கேட்டவனை ஒன்றேகாலுக்கு இறக்கிவிட்டு மீசையை முறுக்கினேனே, "உங்களுக்காகத்தான் முதலாளி"ன்னு அவன் சிரித்தபோதே உறைத்திருக்க வேண்டும். அவன் வெட்டியது தன் லாபத்தை இல்லை, நம் பாதுகாப்பை. இந்தக் கமிஷனுக்குத் திருட்டுப் பாதுகாப்பு கிடையாது, பொறுப்பு கடைக்காரருக்கே என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அப்படியே போட்டிருக்கிறது. நேற்றுதான் படித்தேன்.

அவர்கள் ஆபீசுக்குப் போகிறேன். பேரம் பேசிய வாய்க்குக் கெஞ்ச வருமா, பார்ப்போம்.

பி.கு.: பதினோரு மணிக்கு மெஷினைச் சோதிக்கக் கம்பெனி ஆள் வருவார்.

இன்னொன்று: கையெழுத்துப் போடும்போது, "எண் திருடு போனா யாருங்க பொறுப்பு?"ன்னு நீ கேட்டாய். வியாபாரத்தில் குறுக்கே பேசாதே என்று அவன் எதிரிலேயே உன் வாயை அடைத்தேன். வருகிறவரிடம் இன்று நீயே பேசு. நான் வந்துவிட்டாலும் ஓரமாகத்தான் நிற்பேன்.