நீ வெட்டின ஒயர்ல ஒரு சாண்கூடக் குறையல

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். சாவி உன் தையல் மெஷின் டிராயர்ல இருக்கு.

ரேடியோ ஆன்டெனா ஒயரை நீ குட்டையா வெட்டிட்டேன்னு நேத்து உன்னைத் திட்டினேனே, காலைல அதை இறக்கி உன் டேப்பாலயே அளந்தேன். ஒரு சாணாவது குறையாதான்னு திரும்பத் திரும்ப அளந்தேன். குறையல.

தப்பு ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்க நான் செஞ்ச மேட்சிங் டப்பாவுலதான். உள்ளே வளையத்துல சுத்தின காப்பர் கம்பியோட நுனியில கரண்ட்டை விடாத வார்னிஷைச் சுரண்டாமலே சால்டர் வச்சிருக்கேன். "எப்பவும் சுரண்டுவீங்களே, சுரண்டினீங்களா?"ன்னு நீ கேட்டே. "துணி வெட்டுறவளுக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு வாய் கூசாம சொன்னேன். அதுவும் கோட்டு தைக்கக் கொடுத்த டீச்சர் முன்னாடி.

அவங்க சாயங்காலம் கோட்டு வாங்க வருவாங்க. நான் வர்ற வரைக்கும் உட்கார வை. அவங்க முன்னாடி சொன்னதை அவங்க முன்னாடியே வாபஸ் வாங்கணும்.

இன்னொண்ணு. சுரண்டி சால்டர் வச்சு ரேடியோவுல கூப்பிட்டதும் கடல் தாண்டி ஒருத்தர் பதில் கொடுத்தார். "சிக்னல் பிரமாதம், ஆன்டெனா ஒயர் யார் அளந்து வெட்டினது?"ன்னு கேட்டார்.

நான்தான்னு சொல்லிட்டேன்.

அதுக்கும் டீச்சர் முன்னாடியே என்னைத் திட்டு.