மாதம் தவறியது குற்றமன்று

மலைமுகட்டில் முகில் தங்குக. மடைதோறும் நீர் பாய்க. ஏழ்குன்ற நாடாளும் பெருநல்லி அரசியார் திருவாய் மலர்ந்தருள, அமைச்சர் ஆதன் பெருங்கண்ணனார் எழுதுவித்து, பாழித்துறைக் கோட்டைத்தலைவர் வயிரமேகனார்க்கு விடுக்கும் ஓலை. நும் குடியும் படையும் நலமே வாழ்க.

நும் குதிரைக் கொட்டிலில் புல்லிடும் காரிச்சி, கணவனைப் போரில் இழந்து மூன்றாண்டு தனித்திருந்தவள். மூன்று திங்கள் விலக்காகாமையால் அவள் கருவுற்றாள் என்று நும் ஊரவையார் தீர்ப்புரைத்ததும், நீர் அதற்கு இலச்சினையிட்டு அவளை எல்லைக்கு வெளியே போக்கியதும் அரண்மனைக்கு எட்டின. உண்மை அறிந்து வருமாறு அரசியார் தம் மருத்துவச்சி அந்துவையை அனுப்பினார்.

எல்லைக்கல்லுக்கு அப்பால் ஓர் ஆட்டுக்கிடையின் ஓரத்தில் அந்துவை அவளைக் கண்டாள். கன்னம் ஒட்டி, கோலூன்றி நின்றாள் காரிச்சி. அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுக என்பது ஆணை.

"குதிரை உதைச்சு இடுப்பெலும்பு விட்டுப்போச்சு, அம்மா. வலி தாங்காம அலறினேன். எலும்பு வைத்தியர் அபின் லேகியம் குடுத்தார். அதைத் தின்னா வலியும் தெரியாது, பசியும் தெரியாது. கஞ்சிகூட இறங்கல. அப்புறம் தூரம் நின்னுபோச்சு. பயந்துபோய் அவர்கிட்டதான் சொன்னேன். அவர் நேரா அவையில போய்ச் சொல்லிட்டார்."

அந்துவைக்குச் சினம் மூண்டது. ஆயினும் சினம் சான்றாகாது என்பதை அவள் அறிவாள். நெடுநாள் அபின் உண்டவர்க்கும், பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்க்கும், பெருந்துயர் உற்றவர்க்கும் விலக்கு நின்றுபோவதை அவள் முன்பே கண்டிருந்தாள். ஆகவே அங்கேயே ஒரு குடிசை போட்டுத் தங்கினாள். லேகியத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் நாளுக்குநாள் குறைத்தாள். பாலும் கேழ்வரகுக் களியும் ஊட்டினாள். காரிச்சியின் உடல் தேறியது, வயிறு வளரவில்லை. அறுபத்து மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு விலக்கானது.

"இப்ப இதை யார்கிட்ட போய்க் காட்டுறது?" என்று கேட்டு அவள் அழுதாள்.

திரும்பும் வழியில் நும் கோட்டையில் தங்கியபோது இன்னொருத்தியைக் காண அழைத்தனர். இரண்டு திங்கள் கரு. குடற்பூச்சிக்குக் கடும்பேதி மருந்து உண்டு, குருதிப் பெருக்கில் கிடந்தாள். கருவுற்றாயோ என்று அம்மருந்து தந்த வைத்தியர் முன்னமே கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டாள். ஏன் மறைத்தாய் என்று அந்துவை கேட்டாள்.

"காரிச்சிக்கு என்ன பண்ணாங்கன்னு பார்த்தேனே! எங்க வீட்டுக்காரர் படையோட போயிருக்கார். நாள் கணக்கு ஒத்துவரலன்னு யாராச்சும் கிளப்பிவிட்டா நான் எங்கே போவேன்?"

தாய் பிழைத்தாள், கரு நிற்கவில்லை. மருந்தொன்றாலேயே கலைந்தது என்று உறுதி கூற இயலாது என்றே அந்துவை அரசியாரிடம் உரைத்தாள். ஆனால் அஞ்சாமல் உண்மை சொல்ல முடிந்திருந்தால் அம்மருந்தை எவரும் அவளுக்குத் தந்திரார் என்பதில் ஐயமில்லை என்றாள்.

ஆதலின் ஆணை இது. மாதம் தவறியதைக் கொண்டு எந்த அவையும் எப்பெண்ணுக்கும் தீர்ப்புரைக்கலாகாது. மருந்து தருவோர் யாவரும், கடைசியாக எப்போது விலக்கானாள், கருவுற்றாளோ, பாலூட்டுகிறாளோ என்று தனித்துக் கேட்டே தருக. கேட்டது அவ்வறையைத் தாண்டின், தாண்டவிட்டவர் இந்நாட்டில் மருந்துப்பை தூக்கலாகாது. காரிச்சியைக் காண நீரே எல்லைக்குச் செல்க. பிழை நும்முடையது என்று ஊரவையார் கேட்க அவளிடம் சொல்க. வருவதும் வராததும் அவள் விருப்பம்.

மற்றவளின் பெயரை அந்துவை அரசியாரிடமும் சொல்லவில்லை, அரசியார் கேட்கவுமில்லை. அவள் நும் மாளிகையிலேயே இருப்பினும் நீர் தேடலாகாது.

இவ்வோலை கண்ட நாளே நடைபெறுக. ஏழ்குன்ற முத்திரை.