யாரையும் இடிக்கவில்லை என்று சொன்ன ஏழுமலைக்கு

அன்பு மாமு ஏழுமலைக்கு,

வண்டியில் கிளீனராக நீ உட்கார்ந்த இடப்பக்கத்துச் சீட்டை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்காத சேகர் எழுதுகிறேன்.

நம் டிரெய்லர் ஓட்டுநர் சங்கத்து ஆண்டு மலரில் இந்த வருஷம் உன் படம் வருகிறது. ஹார்பர் நுழைவு பாஸுக்காக எடுத்த படம்தான், வேறு எதுவும் கிடைக்கவில்லை. போலீஸ்காரரைப் பார்த்த மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறாய். அதன் கீழே போட நாலு வரி எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். யார்டில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தானே வருவார்கள்? உட்கார்ந்து பார்த்தேன், நாலு வரியில் அடங்குவதாக இல்லை. செயலாளர் முறைப்பார். முறைக்கட்டும், அவர் முறைத்து எவன் பயந்தான்?

இவ்வளவு எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. என்னைப் பற்றிய ஒரு விஷயத்தை நீ கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றினாய். அதை இன்று நானே போட்டு உடைக்கப்போகிறேன். இதைப் படிக்கிற டிரைவர்களில் இன்னொருவனும் என்னைப் போலத் தவித்துக்கொண்டிருக்கலாம் இல்லையா?

முதலில் நல்ல செய்தி. உன் மகள் பவித்ரா லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்துவிட்டாள். ரத்தம் எடுத்துப் பழக என் கையைத்தான் கேட்கிறாள். நான் காலடிப்பேட்டையில் உங்கள் வீட்டுப் பக்கம் வருவதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. உன் வீட்டுக்காரி விஜயா தங்கச்சி தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். முதலாளி எனக்குப் புது வண்டி கொடுத்திருக்கிறார். இடப்பக்கம் கேமரா வைத்த வண்டி. "இனிமே கிளீனரே தேவயில்ல, அல்லாம் அதுலயே தெரியும்" என்கிறார். தெரிகிறதுதான். அந்தக் கேமராவுக்குச் சோறு வடிக்கத் தெரியுமா, ஏழு?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நின்ற நாட்களை நினைத்துக்கொள்கிறேன். ஹார்பர் கேட்டுக்குள் நுழைய ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு நாள் ஆகும். மற்றவர்கள் திட்டிக்கொண்டு நிற்பார்கள். நீ மட்டும் அதைப் பிக்னிக் போல ஆக்கிவிடுவாய். காசிமேட்டில் வாங்கிய நெத்திலியை வண்டி நிழலில் உட்கார்ந்து ஆய்வாய். கடலோரக் கருங்கல்லில் உன் லுங்கியும் என் சட்டையும் காயும். சீட்டாட்டத்தில் நீ திருடுவது வரிசைக்கே தெரியும், ஆனாலும் உன்னைச் சேர்த்துக்கொள்ளாமல் யாரும் ஆட மாட்டார்கள். வரிசை நகரும்போது கீழே நின்று கதவில் தட்டுவாய். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. அந்த இரண்டு தட்டு கேட்டால்தான் எனக்கு ஆக்சிலேட்டரில் கால் போகும்.

இனி அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். டொக்கென்று ஒரு சத்தம் வரும். மற்ற டிரைவருக்கு அது பள்ளம். எனக்கு அது ஆள். சைக்கிளில் போன பெரியவரோ, பள்ளிக்கூடம் போன பிள்ளையோ என் சக்கரத்துக்கு அடியில் கிடப்பது போல மண்டைக்குள் தெரியும். கண்ணாடியில் பார்ப்பேன், ரோடு சும்மா கிடக்கும். கண்ணாடிக்குத் தெரியாத இடத்தில் கிடந்தால் என்று அடுத்த நொடியே தோன்றும். திரும்பிப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். நாற்பது அடி கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு ஆட்டோ மாதிரி வளைக்க முடியுமா? எங்கேயோ போய்த் திருப்பி, வந்து பார்த்து, மறுபடி திருப்பி, வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

நீ என்னோடு ஏறிய புதிதில், எர்ணாவூர் தாண்டி ஒருநாள் அப்படி ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். "ஏழு, யாரியோ ஏத்திட்டேன்டா" என்றேன். நீ சிரிக்கவில்லை. "தோடா! எறும்புக்கே வழி வுட்டு ஓட்ற ஆளு நீ. குந்து மாமு, நா போய் பாத்துகினு வர்றேன்" என்று குதித்தாய். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வெயிலில் ஓடினாய். திரும்பி வரும்போது கையில் நசுங்கிய தேங்காய் மட்டை. "இத்த தான் கொல பண்ணிகீற. ஒண்ணியும் இல்ல, போ" என்று சொல்லிக் கதவில் இரண்டு தட்டு தட்டினாய்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், நான் தலையைச் சாய்த்தபோதெல்லாம் நீ இறங்கி ஓடினாய். எதற்கு நின்றீர்கள் என்று கேட்டவர்களிடம் டயரில் காற்று குறைவு என்றாய். உன்னை டயர் டாக்டர் என்று வரிசையே கேலி செய்தது. ஒரு தடவையாவது சலித்துக்கொண்டிருக்கலாமே? வீட்டில் விஜயாவிடம்கூட நீ சொல்லவில்லை என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு உனக்கு நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரியில் படுத்தாய். நான் தனியாக ஓட்டினேன். பள்ளம் வந்தால் உனக்கு போன் போடுவேன். காலையில் போடுவேன், மத்தியானம் போடுவேன், பார்வையாளர் நேரத்தில் உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தும் போடுவேன். என்னோடு நீளமாகப் பேச முடியாத ஒருநாள் பவித்ராவின் போனிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். "மாமு, நீ யாரியும் இட்ச்சிருக்க மாட்ட. நா சொல்றேன். போய்கினே இரு."

அடுத்த வாரம் நீ போய்விட்டாய். மெசேஜ் என்னிடம் இருந்தது.

ஒரு வருஷம் அதை வைத்துத்தான் வண்டி ஓட்டினேன், ஏழு. டொக்கென்றதும் போனை எடுப்பேன், போடுவேன், "போய்கினே இரு" வந்ததும் நிறுத்திவிட்டுக் கிளம்புவேன். ஆரம்பத்தில் ஒரு தடவை போதும். பிறகு மூன்று, நான்கு தடவை வேண்டியிருந்தது. பிறகு உன் குரலுக்கும் அடங்காமல் வண்டியைத் திருப்ப ஆரம்பித்தேன். ஒரே நாளில் மூன்று தடவை திருப்பி, கப்பல் நேரத்தைத் தவறவிட்டேன். முதலாளி யார்டு நடுவில் நின்று கத்தினார். "இன்னாய்யா, கண்டெய்னர ஏத்திகினு கோயில் பிரகாரமா சுத்திகினு கீற? இன்னொரு வாட்டி திருப்புன, சாவிய வச்ட்டு போய்கினே இரு!" உன் வார்த்தையையே அவர் வாயிலும் கேட்டபோது அழுகை வந்துவிட்டது.

வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். கையில் கயிறு ஏறியது, மண்டையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. ஒருநாள் வரிசையில் நிற்கும்போது போனிடமே கேட்டேன். வண்டியில் யாரையோ இடித்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்று சொன்னேன். என் மண்டைக்குள் ஓடுவது அத்தனையும் அதில் வரி பிசகாமல் வந்தது. அதற்கு ஓசிடி என்று பேர், ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து ஆட்டுகிற மனவியாதி. அது நாள் பூரா கை கழுவுகிறவர்களுக்கு வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தக் கூத்து உலகத்தில் எனக்கு மட்டும்தான் என்று ஒன்பது வருஷம் நினைத்திருந்தோமே, மாமு!

போனிலேயே பேசி வைத்தியம் பார்க்கிறவர்கள் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. முதலில் கிடைத்தவர் தினமும் கண்ணாடி முன் நின்று கைதட்டச் சொன்னார். இரண்டாவது அம்மா பேசிய இங்கிலீஷில் எனக்குப் பாதி புரியவில்லை, நான் பேசிய தமிழ் அவருக்கு முழுதும் புரியவில்லை. மூன்றாவதாக வந்தவர் நாகர்கோவில்காரர், சின்ன வயசுப் பெண். நான் சத்தத்தைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்.

"திரும்பிப் போய்ப் பாப்பீங்களா அண்ணா, இல்ல யார்ட்டயாவது கேப்பீங்களா?"

இவர்தான் நம் ஆள் என்று தெரிந்துவிட்டது. "ரெண்டுந்தான் மேடம்" என்றேன்.

"யார்ட்ட கேப்பீங்க?"

"ஏழுமலையாண்ட."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"செத்துட்டான் மேடம்."

"அப்ப இப்பல்லாம் யார்ட்ட கேக்குறீங்க?"

"அவனாண்டதான்" என்று மெசேஜைப் போட்டுக் காட்டினேன்.

வியாழக்கிழமை மத்தியானம்தோறும் ஹார்பர் வரிசையில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேபினுக்குள் உட்கார்ந்து பேசுவோம். நாம் சீட்டாடிய அதே இடம்தான். மாத்திரைக்கு அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரைப் பார்க்கவும் அனுப்பினார், பார்த்தேன். வியாழக்கிழமைகளில் அந்த மேடம் உன்னைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். நீ இறங்கி ஓடியதைச் சொன்னேன். "அவரு பாத்துட்டு வந்து சொன்னதும் நிம்மதியா இருந்துச்சா?" என்றார். ரொம்ப என்றேன். "எவ்வளவு நேரம்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். "அடுத்த பள்ளம் வர்ற வரிக்கும்" என்றேன்.

பிறகுதான் அதைச் சொன்னார். நீ செய்தது அத்தனையும் அன்பினால்தான், ஆனால் ஒவ்வொரு தடவை பதில் கிடைத்தபோதும் என் சந்தேகம் இன்னும் பலமாகத்தான் ஆனது என்றார். மெசேஜை அழிக்க வேண்டாம், ஆனால் சந்தேகம் வந்தால் அதைப் போடக் கூடாது என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "செத்தவங் கொரலக்கூட கேக்காதன்னு சொல்றதுக்கு நீ யாரும்மா?" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். இரண்டு வியாழக்கிழமை எடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் விம்கோ நகர் அருகே டொக்கென்றது. ஓரங்கட்டி மெசேஜைப் போட்டேன். திரும்பப் போட்டேன். எண்ணினேன், பதினேழு தடவை. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்தார். நீ சொல்லிக்கொண்டே இருந்தாய், எனக்குள் எதுவும் அடங்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் நானே அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சொல்லிக்கொடுத்த வைத்தியம் கேட்க எளிது. நிஜமாகவே ஒருவரை இடித்தால் ரோடே கத்தும், அப்போது நின்றே ஆக வேண்டும். பள்ளத்துச் சத்தத்துக்கு நிற்கக் கூடாது. இடித்திருக்கலாம், இடிக்காமலும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்ட வேண்டும். முதல் நாள் சட்டை பிழிந்தால் தண்ணீர் கொட்டியிருக்கும். மெசேஜைத் தொடாமல் ஒரு நாள் போனது. பிறகு ஒரு வாரம் போனது. நடுவில் இரண்டு தடவை தோற்றேன். பிறகு ஒரு மாதம் முழுதாகப் போனது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பவித்ரா திடீரென்று சொன்னாள். "அப்பா கொரலே மறந்துபூடும் போலகீது மாமா. என் பழைய ஃபோனோட அல்லாம் பூட்ச்சி."

மெசேஜைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. சொன்னால், அப்பா அதை எதற்காக எனக்கு அனுப்பினார் என்று கேட்பாள், என் வியாதி வெளியே வந்துவிடும். அந்த வெட்கத்தில் அவள் அப்பன் குரலை ஒரு வருஷத்துக்கும் மேலாக என் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு போட்டேன். கேட்க எனக்குக் கேள்வி எதுவும் இல்லாமல் அதைப் போட்டது அன்றுதான் முதல் தடவை. நிறுத்தவும் இல்லை.

"போய்கினே இரு" என்பதோடு அது முடியவில்லை, ஏழு. அதற்குப் பிறகு நீ இருமுகிறாய். "போதும்பா, மூச்சு வாங்குது பாரு, பட்த்துக்கோ" என்று பவித்ரா சொல்வது கேட்கிறது. இழுத்து இழுத்து நீ சொல்கிறாய்: "இரு பவி. அவன் பயந்துகினு கீறான்."

விஜயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா யாராண்டயோ ஃபோன்ல பேசிகினு கீறார்னுதான் அன்னிக்கி நெனச்சேன். இன்னொரு வாட்டி போடு மாமா" என்றாள் பவித்ரா. அவளுக்கு அவள் பேரைக் கேட்க வேண்டும். எனக்கு மட்டும் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. ஒரு வருஷம் நாள் தவறாமல் கேட்டிருக்கிறேன், உனக்கு மூச்சு வாங்கியது என் காதில் ஏறவே இல்லை. மூச்சுக்குத் தவித்தவனை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன்! என்னை மன்னித்துவிடு, மாமு. "பேஜாரு பண்ணாத, போ" என்றுதான் சொல்வாய், தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

மெசேஜை அங்கேயே பவித்ராவுக்கு அனுப்பிவிட்டேன். இனி அது அவளுடையது.

இன்று காலை பெரிய லோடோடு வந்தேன். எர்ணாவூர் தாண்டியதும் பின்சக்கரத்தில் டொக்கென்றது. என்னவென்று எனக்குத் தெரியாது. வண்டியை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டேன், உன்னை இறக்கிவிடவில்லை. இனி எந்தப் பள்ளத்திலும் இறக்கிவிட மாட்டேன், ஏழு. இது சத்தியம். ஓடினது போதும், நீ உட்கார்.

உன் மச்சான்,
பவித்ராவின் மாமன்,
சேகர்