பதினாலு குதிரைகளின் காதுகள்

செவ்வாய், மே 12

எழும்பியதும் முதல் வேலை: கழுவிக் காயப்போட்ட நாலு காதுத்தொப்பிகளையும் கொடியிலிருந்து எடுத்தது. விடிய முன்னமே சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில். கொக்கத்தடியால் இழுத்தெடுத்தேன். மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, ஆருக்குச் சட்டை?"

"குதிரைக்கு மாமி. காதிலை போடுறது."

"எங்கத்தைக் குதிரை?"

"கனடாவிலை."

கொஞ்சம் யோசித்தார். "ஓம், அங்கை குளிர்தானே."

குளிருக்கல்ல, தடை தாண்டும் போட்டிகளில் இலையான் மொய்க்காமலும் சனத்தின் சத்தத்துக்கு மிரளாமலும் இருக்கப் போடுவது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமியின் விளக்கத்தில் இரக்கம் இருந்தது.

10 மணி, குருநகரில் நாங்கள் பின்னும் அறை. ஆறு பேரும் வந்திருந்தார்கள். கனடாவில் எங்கள் தொப்பிகளை வாங்கி விற்கும் ஹெலனின் குரல்செய்தியைப் போட்டுக்காட்டி, தமிழில் சொன்னேன். அவருடைய ஊர்க் குதிரையேற்றக் கழகம் ஒவ்வொரு வருடமும் எல்லை தாண்டி அமெரிக்காவில் போட்டிக்குப் போவது. இந்த முறை போகவில்லை. இரண்டு பக்கமும் இறக்குமதித் தீர்வை, எல்லையில் ஆயிரம் கேள்வி, குதிரைக்கும் சேணத்துக்கும் தனித்தனிக் கடதாசி; மனமும் விட்டுப்போய்விட்டதாம். தங்கள் பக்கத்திலேயே 30ஆம் திகதி போட்டி வைக்கிறார்கள். நாங்கள் பின்னும் பதினாலு தொப்பியும் அதற்குத்தான். வருகிற திங்கள் இங்கிருந்து போனால்தான் போய்ச் சேரும்.

ரீற்றா அக்கா ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "அவையளுக்கும் ஓமந்தை வந்திட்டுது."

மேரி: "குதிரைக்கும் பாஸ் எடுக்கோணுமோ அக்கா?"

"பின்னை? முதல் குதிரைக்கு. மனிசர் பேந்து."

சிரித்து முடிய ஐந்து நிமிடம். ஹெலனுக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது? போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பாஸோடு வரிசையில் நின்று, சவர்க்காரமும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட ஊரில் வளர்ந்தவர்களுக்கு எல்லைக் கதை சொல்லத் தேவையில்லை.

போன வருடம் அமெரிக்கா எங்கள் நாட்டுச் சாமானுக்குத் தீர்வையைக் கூட்ட, அந்தப் பக்கக் கடைகள் ஹெலனிடம் வாங்குவதை விட்டன. எங்களில் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போனார்கள். இப்போது அந்தக் கழகத்தாருக்கு அமெரிக்கச் சாமான் விலை கூட, எங்களிடம் திரும்பியிருக்கிறார்கள். பறித்த தீர்வையே திருப்பியும் தருகிறது. ஆரோ இரண்டு பேரின் சண்டைக்கு நன்றி சொல்ல வெட்கம். என்றாலும் சொன்னேன், மனதுக்குள்.

புதன், மே 13

காற்று. கண்ணுக்குள் மண்.

வாங்க: கடும்நீல நூல் 2 பந்து, வெள்ளை 1, மேரிக்குக் கையுறை (மறக்காமல்), தேயிலை.

மேரி திரும்பி வந்து ஒரு மாதம். இடையில் நண்டுத் தொழிற்சாலையில். விரலெல்லாம் கீறல், உப்புப் பட்டு ஆறாமல். இரவில் பூசிய மருந்து நூலில் படக்கூடாதென்று பழைய கையுறையோடு பின்னுகிறாள். "இது கிள்ளாத வேலை அக்கா" என்கிறாள். இந்தப் பதினாலும் பிடித்துப்போனால் கழகம் முழுவதற்கும் வருடம் முழுக்க வேலை என்று ஹெ. சொல்லியிருக்கிறார். பிடிக்காவிட்டால் மேரி திரும்ப நண்டுக்கு.

முடிந்தது 9.

பின்னியதை நனைத்து, மரத்தில் செய்த குதிரைத்தலையில் மாட்டிக் காயவிடுவது என் வேலை. தைமாதம் அந்தத் தலையை நான்தான் செய்வித்தேன், கோயில் வாகனம் செய்யும் ஆசாரியாரிடம். அதுவரை ஹெ. எழுதித் தந்த அளவுத்தாளைப் பார்த்துப் பின்னினோம். நேரம் போனது. தலை வந்தபின் அதில் போட்டுப் பார்த்தே பின்ன, இரட்டிப்பு வேகம். ஆசாரியாருக்குக் கண்ணை வெறுமனே விட மனம் வரவில்லை. மைதீட்டி, பல்லும் வைத்து அனுப்பினார். மாதா படத்துக்குக் கீழே வேட்டைத் திருவிழாக் குதிரை. காலையில் வருகிற எல்லோரும் இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்கிறார்கள்.

"உண்மைக் குதிரையிலை ஒருக்காப் போட்டுப் பாக்கோணும்" என்றாள் மேரி.

"நெடுந்தீவுக்குப் போ. அங்கை காட்டுக் குதிரை நிக்குது. ஒண்டைப் பிடிச்சு அள" என்றார் ரீற்றா அக்கா.

"பிடிக்க விடுமே?"

"விடாது, கடிக்கும். பேந்து உன்ரை காதுக்குத்தான் நாங்கள் பின்னோணும்."

வெள்ளி, மே 15

நேற்று எழுதவில்லை. மின்வெட்டு, ஸ்கூட்டிச் சில்லு, தலையிடி. ஒன்றும் பெரிதில்லை.

பதினாலும் முடிந்தது! ரீ. அக்கா கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் வெள்ளை நூலில் குதிரையின் பெயர். நான் வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு வருடத்துக்கு முன் தங்கச்சி கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஹெலனின் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போர்த்தியிருந்த, ஊரில் பின்னிய ரேந்தைச் சால்வையை ஹெலன் தொட்டுப் பார்த்து, "இதை ஆர் செய்தது?" என்று கேட்டிருக்காவிட்டால் இந்த அறையே இல்லை. தங்கச்சிக்கு நன்றி. அந்தத் தாய்க்கும். எனக்கு முகம் தெரியாது.

சனி, மே 16

ஹெலன் காணொளி அனுப்பியிருக்கிறார். மாசியில் மாதிரிக்கு அனுப்பிய தொப்பியைப் போட்டு ஒரு பழுப்புக் குதிரை பயிற்சியில் ஓடுகிறது. கீழே "மிக மிக அழகு" என்று எழுதியிருந்தார். என் சின்னத் திரையைச் சுற்றி ஆறு தலை. எங்கள் கைவேலை ஒரு உயிரின் மேல் அசைவதை முதல்முறை பார்க்கிறோம். ரீ. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "பார், எவ்வளவு வடிவாத் தாண்டுது. எங்கடை தொப்பியாலைதான்."

ஐந்து தரம் பார்த்தார்கள். ஆறாவது தரம் நான் தனியே.

தாண்டி முடித்து நிற்கும்போது தலையை உதறுகிறது. பிறகு வேலித்தூணில் காதடியைத் தேய்க்கிறது. பின்னால் வேறு தொப்பியோடு இன்னொரு குதிரை. அதன் காது ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்கும் தாராளமாகத் திரும்புகிறது. எங்களுடையதன் காதுகள் நெருங்கி, நிமிர்ந்து, அசையாமல். வாகனக் குதிரையைப் போல.

ஒருவருக்கும் சொல்லவில்லை. வடிவாயிருக்கிறது என்று நானும் சொன்னேன்.

ஞாயிறு, மே 17

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

பூசை நேரம், அறையில் ஒருவருமில்லை. அலுமாரியில் ஹெலனின் பழைய அளவுத்தாள் இருந்தது. இரண்டு காதுக்கும் இடையிலான தூரம். மரத்தலையில் அளந்தேன். ஒரு பெருவிரல் அகலம் குறைவு. பதினாலிலும் குறைவு.

ஆசாரியாரில் பிழையில்லை. "காது எப்பிடி வைக்கிறது பிள்ளை?" என்று கேட்டவர். "வாகனத்துக்கு வைக்கிறது போல வையுங்கோ" என்றது நான். அளவுத்தாள் அப்போதும் என் கைப்பைக்குள்தான்.

காதுகளைக் கழற்றி, நெற்றிப் பகுதியைப் பிரித்து, திரும்பப் பின்ன ஆறு பேருக்கும் குறைந்தது எட்டு நாள். 30ஆம் திகதிக்குப் போய்ச் சேராது. அனுப்பினால் ஹெலனுக்கு ஒருவேளை ஒருபோதும் தெரியவராது. குதிரை கடிதம் எழுதாது. மேரிக்கு என்ன சொல்வது? எல்லை இறுகியபோது எங்களை நினைத்த மனிசிக்கு இதைப் பொதிசெய்து அனுப்பவும் கை வரவில்லை.

பின்னேரம் ரீ. அக்காவின் அழைப்பு.

"பெட்டி கட்டியாச்சோ பிள்ளை?"

"இல்லை அக்கா."

"ஏன், சுகமில்லையோ? நான் வாறன், ரெண்டு பேருமாக் கட்டுவம்."

"வேண்டாம் அக்கா. நாளைக்குக் கதைப்பம்."

"சரி. நல்லாச் சாப்பிட்டிட்டுப் படு. உன்னாலைதான் எங்களுக்கு இவ்வளவும்."

பெட்டி கட்டப்போவதில்லை. நாளைக்கு எட்டு மணிக்கு, அவர்கள் வரமுதல், போட்டிக்குத் தொப்பி வராது என்றும் பிழை என்னுடையது என்றும் ஹெலனுக்கு எழுதுவேன். எழுதிவிட்டு முதல் தொப்பியை நான் பிரிப்பேன்.