கை கியர் வண்டியும் முசிறி விலாசமும்

இன்று காலை ஹட்டன் ஸ்டேஷன் சரக்குக் கொட்டகையில் ஏதோ ஒரு பங்களாவுக்கு வந்த பீங்கான் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பீங்கானைச் சுற்றி வைக்கோல். மழையில் நனைந்து புழுங்கிய வைக்கோல். உர மூட்டை ஏற்ற வந்த நான் லொறிக் கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டேன். நம் மலையில் வைக்கோலுக்கு என்ன வேலை? வயலும் இல்லை, களமும் இல்லை. எனக்குத் தெரிந்து அந்த வாசம் இந்தக் கொட்டகைக்கு இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அன்று பெட்டியை உடைத்தது நீயும் நானும்.

உன் மனைவியின் தபால் அட்டை வந்து இன்றோடு ஒன்பது நாள். உனக்கு மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது என்று உன் மகன் கையெழுத்தில் இருந்தது. இந்த ஒன்பது நாளும் நான் சாப்பிட்டேன், லொறி ஓட்டினேன், நன்றாகத் தூங்கவும் செய்தேன். வைக்கோலை மோந்த பிறகுதான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூட்டை தூக்குகிறவர்கள் வயிற்று வலியா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், நம் பேச்சில் ஸ்டோரில், நீ எஞ்சின் பார்க்கிற பிட்டர், நான் லொறி டிரைவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மற்றவர்கள் கோயிலுக்கும் சந்தைக்கும் போவார்கள். நாம் இருவரும் ஹட்டன் டவுனில், நானா என்று எல்லாரும் கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் சைக்கிள் கடைக்குப் போவோம். அவருக்கும் நம்மைப் போலவே வண்டிப் பைத்தியம். மூன்று பேரும் ஒரு பெட்ரோல் டின்னைச் சுற்றி உட்கார்ந்து, நாம் தொட்டே பார்க்காத வண்டிகளைப் பற்றிச் சாயங்காலம் வரை பேசுவோம். எந்த எஞ்சினுக்கு எந்த எண்ணெய், எந்தத் துரை எந்த வண்டியை எந்த வளைவில் கவிழ்த்தார் என்றெல்லாம். வீட்டில் அரிசி இருக்கிறதா என்பது மட்டும் நமக்குத் தெரியாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நானா ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

"பிட்டர், கேளுங்க. திருச்சில ஒரு சாமான் ஈக்கிதாம். எங்கட மச்சான் எழுதியிருக்கார். மோட்டார் சைக்கிள், சைட்காரோட. கியர் டேங்குக்குப் பக்கத்தால, கையால போடுற."

"கை கியரா?" நீ எழுந்தே நின்றுவிட்டாய். "நானா, வெளையாட்டுக்குச் சொல்லாதீங்க."

"சண்டைக் காலத்துல பட்டாளத்துக்காரன் உட்டுட்டுப் போன வண்டியாம். பொயிலைக் கிட்டங்கிக்குப் பின்னால மழைல நிக்கிதாம்."

"மழையிலயா?" என்றேன் நான். "எந்தப் பாவிடா அது, அதைப் போய் மழையில நிறுத்துனவன்?"

அந்த மாதிரி வண்டி இந்த நாட்டில் ஒன்றே ஒன்று இருந்ததாக நமக்குத் தெரியும். பழைய துரை ஒருவர் அதைப் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விட்டார். திருச்சி வண்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றதும் இருவரும் கூட்டாக வாங்குவதென்று அந்த இடத்திலேயே முடிவானது. எப்படிக் கொண்டு வருவது என்பதுதான் பேச்சு. சக்கரத்தோடு ஏற்றுவதா, கழற்றி ஏற்றுவதா? தலைமன்னார் வழியா, தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்கா? ஏழு ஞாயிற்றுக்கிழமை பேசினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் பேசியதில்லை.

நானாதான் வழி சொன்னார். "கடைச் சரக்கா வந்தா பேர்மிட் கேப்பாங்க. தன்ட பேர்ல அங்க ஓட்டின வண்டி எண்டா, சொந்தச் சாமானா உடுவாங்க." ஆகவே யாராவது ஒருவர் திருச்சிக்குப் போய், வண்டியைத் தன் பேரில் பதிந்து, கொஞ்ச நாள் ஓட்டி, பிறகு அனுப்ப வேண்டும். உனக்கு முசிறிப் பக்கம் ஒரு சித்தப்பா இருந்தார். எனக்கு அங்கே யாரும் இல்லை. இரண்டு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நீ ரயில் ஏறினாய்.

அது எந்தக் காலம் என்பதை நாம் இருவரும் எப்படி மறந்தோம், சொல். இதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த நமக்கு, இந்த நாடு உண்டா இல்லையா என்று மனுப் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. பிரஜாவுரிமை மனுவை இருவரும் ஒரே நாளில்தான் கொடுத்தோம். விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று ஊரே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இங்கேதான் நிரந்தரமாக வாழ்கிறோம், வேறு ஊர் நினைப்பு இல்லை என்று காட்டினால்தான் உரிமை. தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் அது ஒரு காரியம், வண்டி வேறு காரியம் என்று நினைத்துக்கொண்டோம்.

திருச்சியிலிருந்து உன் கடிதம் வந்தது. வண்டியைப் பற்றி நாலு பக்கம். கடைசியில் ஒரு வரி: பதிவுப் புத்தகத்தில் விலாசம் கேட்கிறார்கள், ஹட்டன் என்று எழுதட்டுமா? நான் பெரிய அறிவாளி போலப் பதில் எழுதினேன். ஹட்டன் என்று எழுதினால் கப்பலடிச் சுங்கத்தில் ஆயிரம் கேள்வி வரும், சித்தப்பா வீட்டு விலாசத்தைக் கொடு, தற்காலிகம் என்று போடாதே, நிரந்தர விலாசம் என்றே போடு என்று. நீ அப்படியே போட்டாய். வண்டி விஷயத்தில் நான் சொன்னதை நீ ஒரு நாளும் தட்டியதில்லை.

பெட்டி தோணியில் வந்து, கொழும்பிலிருந்து கூட்ஸ் ரயிலில் ஹட்டனுக்கு ஏறி வந்தது. வைக்கோலை விலக்கியபோது சைட்கார் மூக்கு மட்டும் முதலில் தெரிந்தது. நீ அதைத் தொடாமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தாய். கடல் தண்ணீர் புகுந்து மெக்னெட்டோ செத்துக் கிடந்தது. அது நனைந்தால் நெருப்புப் பொறி வராது, வண்டி வெறும் இரும்பு. வெயிலில் காய வைக்கலாம் என்றால், இந்த ஊரில் வெயில் எங்கே இருக்கிறது? நீதான் அதை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி, தேயிலை காயும் டிரையரில் மூலையில் சொருகினாய். இரண்டு மணி நேரத்தில் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"எந்தக் களவாணிப் பயடா தூளுக்குள்ள கெரசின கலந்தது? கொழும்புல குடிச்சுப் பார்த்தா என் வேல போயிரும்டா!"

"மெக்னெட்டோங்கய்யா. இன்னும் ஒரு பத்து நிமிஷம் இருக்கட்டுங்க," என்றாய் நீ, ஏதோ பிரசவ வீட்டில் நிற்பவன் போல.

அவர் கத்தினார். ஆனால் பத்து நிமிஷம் விட்டார். அன்று வண்டி உறுமியபோது வெளியே ஓடி வந்து முதலில் கை தட்டியதும் அவர்தான்.

அந்த வண்டி இரண்டு ஆள் வண்டி. இடது வளைவில் சைட்கார் மேலே தூக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவன் இடது பக்கம் வெளியே சாய்ந்து அதை அமுக்க வேண்டும். வலது வளைவில் ஓட்டுகிறவன் பக்கம் வர வேண்டும். நல்லதண்ணி ரோட்டில் அத்தனை வளைவுக்கும் நாம் மாறி மாறிச் சாய்ந்துகொண்டு போனோம். கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையோடு நின்று சிரித்தார்கள். நாலைந்து மாதம் அப்படிப் போனது. அவ்வளவுதான் நமக்குக் கிடைத்தது.

பிறகு உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மாதம் இந்தியா போனது எதற்கு என்று அதிகாரி கேட்டாராம். வேறு யாராக இருந்தாலும் கல்யாணம், கருமாதி என்று எதையாவது சொல்லியிருப்பார்கள். நீ வண்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய். அவர் உண்மையான ஆர்வத்தில்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாய். கை கியர், டேங்க், தோணி எல்லாம் சொல்லி, நம்ப மாட்டார்களோ என்று பதிவுப் புத்தகத்தையும் எடுத்து நீட்டினாய். மொழிபெயர்த்த யாழ்ப்பாணத்துக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னாராம்:

"உம்முடைய நிரந்தர விலாசம் முசிறி எண்டெல்லோ இதிலை எழுதிக் கிடக்குது."

உனக்கு ஒரு தவணை கொடுத்தார்கள். அந்த விலாசம் வண்டி அனுப்புவதற்காக மட்டும் எழுதியது என்று சொல்ல ஒரு சாட்சியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். நீ விசாரணைக் கந்தோரிலிருந்து நேராக லயத்தில் என் காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறைக்கு, வந்தாய்.

"நீ வந்து சொன்னாப் போதும் மாப்ள. நாமதான் அப்படி எழுதச் சொன்னோம், கப்பலுக்காகன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

"வராம இருப்பேனாடா?" என்றேன்.

அடுத்த மாதம் என் விசாரணை. நான் போய் நின்றால், அந்த வண்டியில் உனக்கும் பங்கு உண்டா, நிரந்தர விலாசம் என்று எழுதச் சொன்னது நீதானா, உனக்கும் அந்த ஊர் நினைப்புத்தானா என்று என்னையே கேட்பார்கள். என் மூன்று பெண்பிள்ளைகளும் வரிசையாகப் படுத்திருந்ததைப் பார்த்தேன். பயந்தேன். இதற்கு வேறு வார்த்தை கிடையாது. தவணைக்கு முதல் நாள் டீமேக்கர் ஐயாவிடம் போய், நாளைய கொழும்பு லோடை நானே கொண்டு போகிறேன் என்று கேட்டு வாங்கினேன். அது வேறொரு டிரைவரின் முறை. விடிவதற்கு முன்பே லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்து, துரை திடீரென்று லோடு போட்டுவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். உன் பிள்ளைகளுக்குக் கொழும்பிலிருந்து பிஸ்கட் வேறு வாங்கி வந்திருந்தேன். நீ பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, "லோடு விழுந்தா நீ என்ன பண்ணுவ" என்றாய். உன் மனு தள்ளுபடி ஆனது. என் மனு, எந்தக் கேள்வியும் இல்லாமல், பத்து நிமிஷத்தில் முடிந்தது.

நீ குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போன நாளில் இதே ஸ்டேஷனில் தகரப் பெட்டிகளும் பாத்திர மூட்டையும் ஏற்றிக் கொடுத்தேன். உன் மனைவி லயத்து மண்ணை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். வண்டியை நீ கொண்டு போகவில்லை. "அங்க வச்சு நான் என்ன பண்ண? அங்க மலையா இருக்கு?" என்றாய். ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் தலையை விட்டு, "சைட்கார்ல பாரம் இல்லாம இடது வளைவு எடுக்காத மாப்ள, கவுத்துரும்" என்று கத்தினாய். அதன் பிறகு உன் இடத்தில் ஒரு உர மூட்டையை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். மூட்டை சாயாது. இரண்டு தடவையோடு விட்டுவிட்டேன். நானாவின் கடைக்கும் போவதில்லை. எங்கே அவர் உன்னைப் பற்றிக் கேட்பாரோ என்று.

நீ ஏதோ ஒரு நெல் மில்லில் எஞ்சின் பார்த்தாய். தீபாவளிக்குத் தீபாவளி எழுதினாய். ஊரைப் பற்றி ஒன்றும் இருக்காது. மெக்னெட்டோ எப்படி இருக்கிறது, செயினுக்கு எண்ணெய் விட்டாயா, எலி சீட்டைக் கடித்துவிடும் பார்த்துக்கொள் என்று மட்டும். ஒவ்வொரு பதிலிலும் அந்த லோடு விஷயத்தைச் சொல்லிவிடுவதென்றுதான் பேனாவை எடுப்பேன். எடுத்து, எண்ணெய் விட்டேன் என்று எழுதி முடித்துவிடுவேன்.

இன்று சாயங்காலம் டீமேக்கர் ஐயாவைப் பார்த்து உன் செய்தியைச் சொன்னேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. அவருக்கு முன்னால் என்னால் அடக்க முடியாமல், "அன்னைக்கு நான் சாட்சிக்குப் போகாம லோடு கேட்டு வாங்கினது அவனுக்குத் தெரியாமலே போச்சுங்கய்யா" என்றேன்.

"தெரியுமே" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"அன்னைக்குக் காலையில உன்னத் தேடி ஸ்டோருக்கு வந்தான். வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, எண்ணெ தேச்சுத் தல சீவிக்கிட்டு. அவனுக்கு லோடு போட்டது யாருங்கய்யான்னான். எனக்கு என்ன தெரியும்? அவனேதான்டா கேட்டு வாங்கிட்டுப் போனான்னுட்டேன். அப்புறம், அவன் வந்து கேட்டா நீங்க எங்கிட்டச் சொன்னதா காட்டிக்காதீங்கய்யா, மூணு பொம்பளப் புள்ள வச்சிருக்கான்னு சொல்லிட்டு, பஸ்ஸுக்குத் தனியாப் போனான்."

ஆக, பிஸ்கட் பெட்டியை வாங்கியபோது உனக்குத் தெரியும். ஸ்டேஷனில் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் செயினுக்கு எண்ணெய் விடச் சொன்னபோதும் தெரியும். இத்தனை வருடமும் நான்தான் உன்னிடம் எதையோ மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். என்றைக்காவது நேரில் பார்த்தால் சொல்லிவிடலாம், நீ திட்டுவாய், அடித்தாலும் அடிப்பாய், அதோடு தீர்ந்துவிடும் என்று இருந்தேன். இனி அது தீராது. அதை நான்தான் வைத்திருக்க வேண்டும்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே மாப்ள.